நெருப்பில்லாமல் புகையுமா?

விடியுமுன் பெரட்டுக்குப் போகையில், சில மாதங்களில் கிழக்கே பளிச்சென்று மின்னுமே விடிவெள்ளி, அதைப் பற்றி என் மாணவி ஒருத்தி கேட்டாள்: “அங்கே எரிமலை இருக்காம், சார். யார் போய்ப் பார்த்தது?”

யாரும் போக முடியாது. அங்கே வெப்பம் ஏறக்குறைய 460 டிகிரி, ஈயமும் உருகிவிடும். தடித்த மேகம் வேறு தரையை மறைக்கிறது. ஆகவே, அறிஞர்கள் புகையை ஆராய்ந்தார்கள்.

கந்தகம் எரிந்தால் மூக்கைத் துளைக்கும் வாயு வருமல்லவா? எரிமலையும் அதைக் கக்கும். அவ்வாயு புற ஊதாக் கதிரை விழுங்கும். திரும்பி வரும் ஒளியில் எவ்வளவு குறைகிறதென்று அளந்தால் வாயுவின் அளவு தெரியும். 1978இல் வெள்ளியை அடைந்த பயனியர் வீனஸ் விண்கலம் மேகங்களின் மேல் அதை மிகுதியாகக் கண்டது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. முன்பு பெரிய எரிமலை வெடித்திருக்கலாம் என்று லாரி எஸ்போசிட்டோ 1984இல் எழுதினார்.

“காற்றோட்டம் மாறி, கீழிருந்த வாயு மேலே வந்திருக்கலாமே?” என்றனர் வேறு சிலர். நியாயந்தான். அணைந்த அடுப்பை ஊதினாலும் சாம்பல் பறக்கிறதே!

1991இல் மெகல்லன் விண்கலம் எட்டு மாத இடைவெளியில் எடுத்த ரேடார் படங்களை ஒப்பிட்டு, மாட் மோன்ஸ் மலையருகே எரிமலை வாய் ஒன்று அகன்று உருமாறியிருந்ததை 2023இல் அறிவித்தார்கள்.

“அப்போ பழமொழி சரிதானே, சார்?”

“சரிதான், அம்மா. ஆனால் புகையைக் கண்டதும் முடிவு கட்டாதே. அடுப்பையும் பார்.”