அத்தையின் குல்லாவும் 2,750 பீடியும்

நெல்லையில் ஸ்வெட்டர் போடுகிற ஆட்கள் யார் யார்னு ஒரு நாள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து எண்ணினோம். மார்கழி காலையில் வாக்கிங் போகிற ரிட்டயர்டு தாத்தாக்கள். பிறந்து மூணு மாசம் ஆகாத குழந்தைகள். காலேஜ் டூர்னு கொடைக்கானல் போகிற நாம. லிஸ்ட் அதோட முடிஞ்சு போச்சு. டிசம்பர் ராத்திரியில் கூட இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்குக் குளிர்காலம்னா அது மழைக்காலம்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஆத்துல தண்ணி, ரோட்டுல தண்ணி, கரண்ட் இல்லை.

ஆனா இந்த மூணு மாசமும் முக்கூடலில் எங்க அத்தை வீட்டில் உல்லன் நூல் உருண்டுகிட்டே இருக்கும். உல்லன்னு பேருதான், அது ஆட்டு ரோமமெல்லாம் இல்லை, அக்ரிலிக். (தெற்கத்தி ஆடுகளுக்குக் கம்பளி கிடையாது. வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு எல்லாம் முடி ஆடுகள், கறிக்குத்தான் லாயக்கு. விக்கிற உல்லன் நூலெல்லாம் பெரும்பாலும் லூதியானா பக்கத்துச் சரக்கு.) ஃபேன்ஸி ஸ்டோரில் பந்து பந்தா வாங்கிட்டு வந்து, கையில் ஒரு குரோஷா ஊசியை வச்சுக்கிட்டு, தெருவுல எந்தப் பிள்ளை மாசமா இருக்குதோ அந்தப் பிள்ளைக்கு ஒரு செட் பின்னிடுவாங்க. குல்லா, சட்டை, கால் உறை.

இந்தப் பழக்கம் வந்த கதை சின்னது. பெரியத்தை மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு எஸ்டேட்டில் தேயிலை பறிச்சாங்க. தமிழ்நாட்டிலேயே அதிகமா மழை பெய்யுற இடங்களில் அது ஒண்ணு. அங்கே கம்பளி இல்லாம முடியாது. லைன் வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்ததைப் பெரியத்தை கத்துக்கிட்டு, கீழே வரும்போது தங்கச்சிக்கும் சொல்லிக்கொடுத்தாங்க. 2024ல் கம்பெனி எஸ்டேட் வேலையை நிறுத்தினதும் பெரியத்தை மலையை விட்டு இறங்கி வந்துட்டாங்க. இப்போ முக்கூடல் வெயிலில் ரெண்டு பேரும் உட்கார்ந்து யாருக்கோ குல்லா பின்னுறாங்க. ஃபேன் ஓடிக்கிட்டிருக்கும். :-)

சரி, விஷயத்துக்கு வாரேன்.

போன டிசம்பரில் அத்தை பின்னின மப்ளர் ஒண்ணைக் கழுத்தில் சுத்திக்கிட்டு கிளாசுக்குப் போனேன் (ஜலதோஷம், ஸ்டைல் இல்லை, நம்புங்க). அன்னைக்கு மட்டும் ஏழு பேர் கேட்டாங்க. "மச்சி, அத்தைகிட்ட சொல்லி எனக்கும் ஒண்ணு போடச் சொல்லேன். நூல் காசு குடுத்துடுறேன்."

நூல் காசு. இந்த ரெண்டு வார்த்தையில்தான் எனக்கு உறுத்தல் ஆரம்பிச்சுது.

நாம எல்லாரும் காஸ்ட் அக்கவுண்டிங் படிச்சவங்கதானே? ப்ரைம் காஸ்ட்னா என்ன? நேரடி மூலப்பொருள், நேரடிக் கூலி, நேரடிச் செலவு. இதில் முதலாவதை மட்டும் கொடுத்துடுறேன்னு சொல்றான் ஒருத்தன். ரெண்டாவது எங்கேடா போச்சுன்னு கேட்டா, "அத்தை சும்மா இருக்கற நேரத்துலதானே பின்னுறாங்க"ன்னு பதில் வருது. வெளியில் காசாக் கொடுக்காட்டியும், சொந்தக் கட்டடத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டின்னு செலவில் ஏத்திப் பார்க்கணும், அதுக்கு இம்ப்யூட்டட் காஸ்ட்னு பேருன்னு பரிட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதி மார்க் வாங்கினவன் அவன்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனதும் முதல் வேலையா செல்போன் ஸ்டாப்வாட்சை ஆன் பண்ணிட்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்துட்டேன். பேசுறது, எழுந்து போறது, பால் பொங்கி அடுப்பை அணைக்கிறது எல்லாத்துக்கும் நிறுத்தி நிறுத்திக் கணக்குப் பார்த்தேன். ஒரு பெரிய ஆள் குல்லாவுக்கு அஞ்சு மணி நேரம். குழந்தை செட்டுக்கு இருபத்திரண்டு மணி நேரம். நடுவில் நானும் ஊசியை வாங்கி ஒரு வரிசை போட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் ஆச்சு. பெரியத்தை அதை வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம அப்படியே உருவிட்டாங்க.

அத்தைக்குப் பகலில் வேற வேலை இருக்கு. பீடி சுத்துறது. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காக: மடியில் முறம், முறத்தில் வெட்டின இலையும் தூளும், அந்தப் பக்கம் டிவி. ஆயிரம் பீடி சுத்த அத்தைக்கு முழுசா எட்டு மணி நேரம் ஆகுது. அப்போ ஒரு குழந்தை செட் எவ்வளவு? 2,750 பீடி.

ரூபாயில் சொல்றதை விட இதுதான் எனக்குச் சரியாப் படுது. ஏன்னா அதே மடி, அதே விரல், அதே கழுத்து வலி. ஆனா பீடிக்கு எண்ணிக்கை உண்டு, கூலி உண்டு. அத்தைக்கு பி.எஃப். நம்பர் இருக்கு. 1966ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலேயே உட்கார்ந்து சுத்துறவங்களையும் தொழிலாளின்னு ஏத்துக்கிச்சு. பீடித் தொழிலாளி பிள்ளைங்கிறதாலே அத்தை மகன் ஸ்காலர்ஷிப் வாங்கிப் படிச்சான். ஊரான் நுரையீரலைக் கெடுக்கிற பொருளுக்கு இவ்வளவு மரியாதை. பச்சைப் பிள்ளை தலைக்குக் கதகதப்பா ஒண்ணு செஞ்சா அது 'சும்மா இருக்கற நேரம்'. எனக்குக் கோபம் வருதா இல்லையா?

அந்த 'சும்மா' எவ்வளவு நேரம்னு அரசாங்கமே எண்ணிப் பார்த்திருக்கு. 2019ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது சராசரியா 299 நிமிஷம். ஆண்கள் 97. பிகு என்கிற பொருளாதார அறிஞர் 1920லேயே இதைக் கிண்டலாச் சொன்னார்: வீட்டு வேலைக்காரியையே ஒருத்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டா நாட்டோட வருமானம் குறைஞ்சிடும். வேலை அதேதான், சம்பளம்தான் நின்னு போச்சு.

சரி, எண்ணினா மட்டும் எல்லாம் சரியாயிடுமா? இங்கேதான் கொஞ்சம் தடுமாறுறேன். நம்ம பக்கத்துக் கதை ரெண்டு, கோதாவரிப் பக்கத்துக் கதை ஒண்ணு சொல்றேன்.

1820களில் நாகர்கோவில். அப்போ அது திருவிதாங்கூர். லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வச்சு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க. குட்டித் தலையணை மேல குண்டூசி குத்தி, நூல் சுத்தின சின்னச் சின்னக் கட்டைகளை மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுற வேலை. அந்தப் பிள்ளைகளில் அடிமைகளும் இருந்தாங்க. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சது 1855ல்தான். அதுக்கு முன்னாலேயே லேஸ் பின்னிக் கிடைச்ச காசைக் கட்டித் தங்களை விடுவிச்சுக்கிட்ட பிள்ளைங்க உண்டுன்னு மிஷன் வரலாறுகள் சொல்லுது. யோசிச்சுப் பாருங்க, அந்த வேலையையும் 'சும்மா இருக்கற நேரத்துல'ன்னு சொல்லி நூல் காசு மட்டும் கொடுத்திருந்தா?

மார்த்தாவோட மகள் எலிசா 1844ல் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு நம்ம இடையன்குடிக்கு வந்தாங்க. ஆமா, 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதின அதே கால்டுவெல். அம்மாகிட்ட கத்த லேஸை எலிசா இடையன்குடித் தேரிக்காட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. கால்டுவெல்லுக்குச் சிலை, நினைவு இல்லம் எல்லாம் இருக்கு, இருக்கணும். ஆனா அந்த மணல் காட்டில் ஒரு பெண் கையில் முதல் தடவையா அவளுக்குன்னு துட்டு வர வழி பண்ணின எலிசாவைப் பத்தி நமக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரி சொன்னாங்களா? எனக்குச் சொல்லலை.

கோதாவரி டெல்டாவில் இருக்கிற நரசாபுரம் அதுக்கு மறுபக்கம். அங்கேயும் மிஷனரிகள் சொல்லிக்கொடுத்த பின்னல்தான், நம்ம அத்தை மாதிரி குரோஷா. லேஸ் கடல் தாண்டிப் போச்சு, வியாபாரிகள் பெரிய ஆளாயிட்டாங்க. பின்னின பெண்கள் மட்டும் அப்படியே இருந்தாங்க. மரியா மீஸ் என்கிற ஜெர்மன் ஆய்வாளர் 1982ல் இதைப் பத்திப் புத்தகமே போட்டார். அவர் கண்டுபிடிச்சது ரொம்ப எளிமை: 'இவங்க குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்துல பின்னுறாங்க' என்கிற அந்த ஒரு நினைப்புதான் கூலியைத் தரையோடு தரையா வச்சிருந்தது. அங்கே பீஸ் ரேட் இருந்தது, எண்ணிக்கையும் இருந்தது. ஆனா ரேட்டை வச்சது பின்னுறவங்க இல்லை.

போன வருஷம் அத்தைக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான், அங்கே பீஸ் ரேட் கூட இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் (பேர் வேண்டாம்) கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பிள்ளைகளுக்குச் சிவப்பு வெள்ளைக் குல்லா முப்பது வேணும்னு கேட்டாங்க. அத்தை ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து பின்னிக்கொடுத்தாங்க. முப்பது குல்லா, நூத்தி ஐம்பது மணி நேரம், அதாவது 18,750 பீடி. நூல் காசு வந்தது. விழா அன்னைக்கு அத்தையை மேடைக்குக் கூப்பிட்டு 'கைவினைச் செல்வி'ன்னு ஒரு பொன்னாடை போர்த்தினாங்க. மெஷினில் நெய்த பொன்னாடை, கடையில் பில் போட்டு வாங்கினது. பந்தல்காரருக்கு, மைக் செட்காரருக்கு எல்லாம் அன்னைக்கே செட்டில்மென்ட். 'நீங்க சும்மா இருக்கற நேரத்துல பந்தல் போடுங்க'ன்னு யாரும் சொல்லலை.

இதையெல்லாம் ஒரு பேப்பரில் காஸ்ட் ஷீட் மாதிரியே போட்டு அத்தைகிட்ட காட்டினேன். பெரிய புரட்சியாளன்னு நினைப்பு எனக்கு. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பொறுமையாப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க:

"எய்யா, பள்ளிக்கூடத்துக்காரவ துட்டு குடுத்திருக்கணும், அது வாஸ்தவந்தான். எனக்கும் அன்னைக்கு மனசு கேக்கல. ஆனா செல்வி பிள்ளைக்குப் பின்னுனதையும் இதுல சேத்திருக்கியே, அது ஏன்? அதையும் எண்ணுனா அப்புறம் அதுவும் பீடி மாதிரி ஆயிரும்லா?"

இந்தக் கேள்விக்கு எந்த சிலபஸிலும் பதில் இல்லை. மூணு நாள் மண்டைக்குள்ள ஓடிச்சு.

எனக்குத் தோணினது இது. செல்வியக்கா அத்தைகிட்ட எதுவும் கேட்கலை. அத்தையா நினைச்சாங்க, அத்தையா கலர் எடுத்தாங்க, அத்தையா கொண்டுபோய்க் கொடுத்தாங்க. அது பரிசு. அதில் மணிக்கணக்கு பார்க்கிற உரிமை எனக்குக் கிடையாது, அந்த வரியைப் பேப்பரில் அடிச்சுட்டேன். ஆனா என் கிளாஸ் ஏழு பேரும், அந்தப் பள்ளிக்கூடமும் கேட்டாங்க. கலர் சொன்னாங்க, எண்ணிக்கை சொன்னாங்க, தேதி சொன்னாங்க. அதுக்குப் பேரு ஆர்டர். கேட்டு வாங்கிட்டு அதைப் பரிசுன்னு கூப்பிடுறது கூலியை முழுங்குறதுக்கு ஒரு மரியாதையான வழி. அன்பு, கைவினை, பாரம்பரியம்னு எவ்வளவு பெரிய வார்த்தை வருதோ அவ்வளவு சின்னதா இருக்கு கையில் வர்ற துட்டு.

பத்தமடைக்காரங்களைப் பாருங்க. தாமிரபரணித் தண்ணியில் ஊறின கோரையைத் தலைமுடி மாதிரி கிழிச்சு, கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை பேரையே பாயில் நெய்து தர்றாங்க. அதை விட அந்தரங்கமான பரிசு நம்ம மாவட்டத்தில் உண்டா? அதுக்கு விலை உண்டு. வாரக்கணக்கில் வேலை இருக்குன்னு தெரிஞ்சு, அட்வான்ஸ் கொடுத்துட்டு வர்றோம். பாயைத் தர்ற மாமாவோட அன்பு அதனால் குறைஞ்சு போகலை. (நெய்தவங்களுக்கு அதில் எவ்வளவு போய்ச் சேருதுங்கிறது தனிச் சண்டை.)

"கூலியோட சேர்த்தா ஒரு மப்ளர் ஆயிரத்தைத் தாண்டுமேடா, சீசன்ல திபெத்துக்காரங்க விக்கிற கடையில் முந்நூறுக்கு மெஷின் மப்ளர் கிடைக்குமே"ன்னு ஒரு நண்பன் வாதாடினான். தாராளமா அங்கே வாங்கு ராசா. நல்ல மப்ளர்தான், குளிரும் அடங்கும். கட்டுப்படியாகலைன்னா வாங்காதே. ஆயிரத்து இருநூறு ரூபாய் சாமானை நூத்தைம்பதுக்குக் கேட்டுட்டு, மிச்சத்தை எங்க அத்தையோட பாசத்தில் கழிச்சுக்காதேன்னு மட்டும்தான் சொல்றேன்.

கடைசியா என்ன ஆச்சுன்னா, அத்தை பழைய பீடிக் கணக்கு நோட்டுல பின்பக்கத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் ஆர்டர், இன்னொரு பக்கத்தில் வெறும் பேர் மட்டும். ரேட்டை அத்தையே வச்சாங்க. நான் சொன்னதை விடக் குறைவுதான், சண்டை போட்டேன், நடக்கலை. என் கிளாஸ் ஏழு பேரில் ரெண்டு பேர் முழு ரேட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தன் தவணையில் தாரேன்னான். மீதி நாலு பேர் என்கூடக் கொஞ்ச நாள் பேசலை.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து இந்த வருஷமும் கூப்பிட்டாங்களாம், நாற்பது குல்லா வேணும்னு. அத்தை ரேட் சொல்லியிருக்காங்க. யோசிச்சுட்டுச் சொல்றோம்னு போனை வச்சுட்டாங்களாம். கார்த்திகை பாதி போயாச்சு. அத்தை நூல் இன்னும் வாங்கலை.