குப்பைக்குப் போகும் நல்ல இயர்பட்ஸ்

‘கனெக்ட் ஆக மாட்டேங்குது’, ‘ஒரு பக்கம்தான் கேக்குது’, ‘நான் பேசுறது எதிர்ல இருக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்’. இயர்பட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு செல்பேசிக் கடைகளில் நிற்பவர்களின் புகார்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கடைக்காரர் டப்பாவைத் திறப்பார். அதிலிருக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிப்பார். வந்தவரின் செல்பேசியை வாங்கி இரண்டு தட்டு தட்டுவார். பாட்டு கேட்கத் தொடங்கிவிடும். இவ்வளவு சிறிய வேலை தெரியாததால்தான் பலர் நல்ல பொருளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குகிறார்கள். இதற்கு வாங்குபவரைக் குறை சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பொருளை விற்கும் நிறுவனங்கள்தான் இதற்குப் பொறுப்பு.

2016 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோன் 7-ஐ 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை இல்லாமல் அறிமுகப்படுத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஏர்பாட்ஸ் விற்பனைக்கு வந்தது. பின்னர் மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அந்தத் துளையை அடைத்தன. ஒயர் இருந்த காலத்தில் இணைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. செருகினால் பாடும், உருவினால் நிற்கும். இன்று அந்த இணைப்பின் நிலையைச் சொல்ல டப்பாவிலோ பட்ஸிலோ கடுகளவு விளக்கு ஒன்றுதான் மிச்சம். ஒரு நிறுவனத்தில் அது வெள்ளையாகச் சிமிட்டினால் ‘இணைக்கத் தயார்’ என்று பொருள். இன்னொன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி எரிந்தால்தான் அதே பொருள். இதற்குப் பொதுவான ஒழுங்கு எதுவும் இல்லை.

முதல் முறை இணைக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். செல்பேசியும் இயர்பட்ஸும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு நகலைத் தங்கள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. பழைய ப்ளூடூத் கருவிகள் இதற்கு 0000 அல்லது 1234 என்று எண் கேட்டன. 2007-ல் வந்த 2.1 பதிப்புக்குப் பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. அடுத்த முறை டப்பாவைத் திறந்ததும் பட்ஸ் தனக்குக் கடைசியாகப் பழக்கமான செல்பேசியைத் தேடி, சாவி பொருந்துகிறதா என்று பார்த்து ஒட்டிக்கொள்கிறது. அப்படித் தேடும் நேரத்தில் பல இயர்பட்ஸ் புதிய செல்பேசியின் பட்டியலில் தலைகாட்டுவதே இல்லை. ‘பெயரிங் மோட்’ என்ற தனி நிலைக்குக் கொண்டுபோனால்தான் தெரியும்.

வீட்டில் நடப்பதைப் பாருங்கள். அப்பா புதுப் போன் வாங்குகிறார். பழையது மகளின் ஆன்லைன் பாடத்துக்குப் போகிறது. இயர்பட்ஸ் மட்டும் அப்பாவிடமே இருக்கிறது. டப்பாவைத் திறந்தால் பக்கத்து அறையில் இருக்கும் பழைய போனோடு அது போய் ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் புதுப் போனில் ‘கருவி எதுவும் கிடைக்கவில்லை’ என்றே வரும். பட்ஸிலும் கோளாறு இல்லை, போனிலும் இல்லை. பழைய போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, பட்ஸைப் பெயரிங் மோடுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

இதைவிடச் சிக்கலானது சாவி பொருந்தாமல் போவது. போனை ஃபார்மட் செய்திருப்பார்கள், அல்லது பட்ஸை யாரோ ரீசெட் செய்திருப்பார்கள். ஒரு பக்கம் சாவி இருக்கும், மறுபக்கம் அழிந்திருக்கும். பெயர் பட்டியலில் தெரியும். தட்டினால் ‘இணைக்கிறது’ என்று சுழன்றுவிட்டு அடங்கிவிடும். இதற்கு மருந்து இரு பக்கமும் துடைப்பது. செல்பேசியின் ப்ளூடூத் பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டு ‘ஃபர்கெட்’ கொடுக்க வேண்டும். பட்ஸையும் ரீசெட் செய்ய வேண்டும். பெரும்பாலோர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, சரியாகவில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். சிலர் ஒரேயடியாகச் செல்பேசியின் நெட்வொர்க் அமைப்புகள் முழுவதையும் ரீசெட் செய்கிறார்கள். அது வைஃபை கடவுச்சொற்களையும் சேர்த்து அழித்துவிடும். கடைசி வழியாகத்தான் அதைத் தொட வேண்டும்.

சரி, பட்ஸை எப்படி ரீசெட் செய்வது? இங்கேதான் நிறுவனங்களின் மீது கோபம் வருகிறது. முதல் தலைமுறை ஏர்பாட்ஸ் டப்பாவின் பின்புறம் ஒரு பொத்தான் உண்டு. மூடியைத் திறந்து அதைச் சுமார் 15 விநாடி அழுத்திப் பிடித்தால், விளக்கு மஞ்சளாகச் சிமிட்டிப் பிறகு வெள்ளையாகும், வேலை முடிந்தது. 2024-ல் வந்த ஏர்பாட்ஸ் 4-ல் அந்தப் பொத்தானே இல்லை. விளக்கு எரியும்போது டப்பாவின் முன்பக்கத்தை இருமுறை தட்ட வேண்டும். விளக்கு வெள்ளையாகச் சிமிட்டும்போது மறுபடியும் இருமுறை. அது வேகமாகச் சிமிட்டும்போது இன்னும் இருமுறை. வழுவழுப்பான பிளாஸ்டிக்கைப் பார்த்து இதை யாரால் ஊகிக்க முடியும்? அழகுக்காக ஒரு பொத்தானை எடுத்தவர்கள், அதன் வேலையைப் பயனாளியின் நினைவாற்றலின் மேல் சுமத்திவிட்டார்கள். விலை மலிவான இயர்பட்ஸில் நிலைமை இன்னும் மோசம். எந்தப் பக்கத்தை எத்தனை விநாடி தொட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கூடவே வரும் தாளில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் ஓரிரு வரி இருக்கும். அந்தத் தாள் முதல் வாரமே தொலைந்துபோகும்.

‘ஒரு பக்கம் மட்டும் கேக்குது’ என்ற புகாருக்குக் காரணம் பல. முதலில் பார்க்க வேண்டியது டப்பாவுக்குள் இருக்கும் சார்ஜ் முனைகளை. வியர்வையும் காதழுக்கும் அந்தப் பொன்னிறப் புள்ளிகளில் படிந்தால் ஒரு பட் சார்ஜ் ஏறாமல் கிடக்கும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்தால் போதும், தண்ணீர் கூடாது. புதிதாக வாங்கியதென்றால் அந்த முனைகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை உரிக்காமலேயே ‘டெட் பீஸ்’ என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. முனைகள் சுத்தமாக இருந்தும் ஒரு பக்கம் ஊமையாக இருந்தால், இடது வலது பட்ஸ் ஒன்றையொன்று மறந்திருக்கலாம். இரண்டையும் டப்பாவில் வைத்து ரீசெட் செய்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். இவை எதுவும் இல்லையென்றால் செல்பேசியின் அணுகல்தன்மை அமைப்பில் இடது வலது ஒலியளவைச் சரிசெய்யும் கோடு ஒன்று இருக்கிறது. தெரியாமல் விரல் பட்டு அது ஓர் ஓரத்துக்குப் போயிருந்தாலும் இதே கதைதான்.

இணைப்பு இருக்கிறது, ஆனால் பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறது என்றால் காற்றைப் பார்க்க வேண்டும். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான். நெரிசலைச் சமாளிக்க, பாட்டைச் சுமந்துவரும் வழக்கமான ப்ளூடூத் 79 தடங்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கிறது. கெட்டுப்போன தடங்களைத் தவிர்க்கவும் அதற்குத் தெரியும். ஆனால் மனித உடலைத் தாண்டுவது அதற்குக் கடினம். உடம்பில் இருக்கும் நீர் இந்த அலைகளை விழுங்கிவிடும். போனைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நெரிசலான ரயில் நிலையத்தில் நடக்கும்போது ஒலி அறுவது இதனால்தான். சட்டைப் பைக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். மடிக்கணினி பயன்படுத்துவோருக்கு இன்னொரு எதிரி உண்டு. யுஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் இதே அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடுகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை வெளியிட்டது. இயர்பட்ஸ் திக்கினால் ஹார்ட் டிஸ்க்கைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கலாம்.

அலுவலக மீட்டிங் தொடங்கியதும் இசை திடீரெனக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய பட்ஸ் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள். உண்மையில் அது ப்ளூடூத்தின் பழைய குறைபாடு. பாட்டுக் கேட்பதற்கு ஒரு வழிமுறை, பேசுவதற்கு வேறொரு வழிமுறை என்று இரண்டு இருக்கின்றன. முதலாவது ஒலியை ஒரு திசையில் மட்டும், ஸ்டீரியோவாக, நல்ல தரத்தில் அனுப்பும். மைக் திறந்த கணமே கருவி இரண்டாவதுக்கு மாறும். குரல் போகவும் வரவும் வேண்டியிருப்பதால் ஒலி ஒற்றைத் தடமாகி, தரம் பழைய தொலைபேசியின் அளவுக்கோ அதற்குச் சற்று மேலோ இறங்கிவிடும். விண்டோஸ் கணினிகள் பலவற்றில் ஒரே இயர்பட்ஸ் ‘ஸ்டீரியோ’, ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்று இரண்டு பெயரில் தெரிவதும் இதனால்தான். தீர்வு சுலபமானது. மீட்டிங் செயலியின் அமைப்பில் மைக்காகக் கணினியின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கராக இயர்பட்ஸையும் தேர்ந்தெடுத்தால் ஒலி பழையபடி தெளிவாகிவிடும். நேர்முகத் தேர்வுகூட ஆன்லைனில் நடக்கும் காலத்தில், இந்த ஒரு விஷயம் தெரியாமல் தடுமாறுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தக் குறையைப் போக்கக்கூடியது. ஆனால் கணினி, பட்ஸ் இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

விளையாட்டில் துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் தாமதமாக வருவதும் பழுதல்ல. ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்கு நேரமாகிறது. வீடியோ செயலிகள் காட்சியையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திச் சமாளிக்கும். விளையாட்டில் அது முடியாது. கேமிங் மோட் இருந்தால் போடலாம், இல்லையென்றால் ஒயர்தான் கதி.

நிறுவனங்களின் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரீசெட் வழிமுறையையும் மென்பொருள் மேம்படுத்தலையும் செயலிக்குள் வைத்துவிட்டு, அதை நிறுவினால் இருப்பிட அனுமதி கேட்பார்கள். ஆண்ட்ராய்டு 11 வரை அருகிலுள்ள ப்ளூடூத் கருவிகளைத் தேட அந்த அனுமதி தேவைப்பட்டது. 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 அதைப் பிரித்து, ‘அருகிலுள்ள கருவிகள்’ என்று தனி அனுமதியாக்கிவிட்டது. இதற்குப் பிறகும் பாட்டுக் கேட்கும் கருவிக்காக ஒருவரின் இருப்பிடத்தைக் கேட்கும் நிறுவனம் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-க்கான காதுகேள் மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது. லேசாகவோ நடுத்தரமாகவோ செவித்திறன் குறைந்த பெரியவர்கள் இயர்பட்ஸையே காதுகேள் கருவியாகப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். வழக்கமான காதுகேள் கருவிகளிலும் பல ஏற்கெனவே ப்ளூடூத்தில்தான் செல்பேசியோடு பேசுகின்றன. எழுபது வயதில் தனியாக இருக்கும் ஒரு தாய்க்கு, வெளிநாட்டிலிருந்து மகன் அழைக்கும்போது கருவி இணையவில்லையென்றால் அன்றைய பேச்சே போயிற்று. அவரிடம் போய் மூன்று முறை இரட்டைத் தட்டு தட்டுங்கள் என்று சொல்வது நியாயமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-ன்படி பெட்டியின் மேல் இருக்க வேண்டிய விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டால் போதும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. அந்த விவரங்கள் விலை, அளவு, தயாரிப்பாளர் முகவரி போன்றவை. பொருளை எப்படி இயக்குவது என்பது அதில் வராது. ஆக, தமிழ்நாட்டில் விற்கும் இயர்பட்ஸில் தமிழில் ஒரு வரிகூட இல்லாமலிருப்பதை இந்த விதிகள் தடுக்கவில்லை. விளம்பரத்தைத் தமிழில் செய்யத் தெரிந்த நிறுவனங்களுக்கு, ரீசெட் செய்யும் வழியை டப்பா மூடியின் உட்புறத்தில் தமிழில் மூன்று வரி அச்சிடுவது ஒரு செலவே இல்லை. மூடியின் உட்புறம் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தாள் தொலையும், டப்பா தொலையாது.

எல்லாம் செய்து பார்த்தும் அரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது என்றால் அது பேட்டரியின் முதுமை. விரல் நுனியளவு லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் தளர்ந்துவிடும். அது இயற்கைதான், மாற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டுவது இயற்கையல்ல. பழுதுபார்ப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் முதல் ஏர்பாட்ஸுக்குப் பத்துக்கு 0 மதிப்பெண் கொடுத்தது. 2024-ல் ஃபேர்போன் நிறுவனம் வெளியிட்ட ஃபேர்பட்ஸ் பத்துக்கு 10 வாங்கியது. அதில் பட்ஸின் பேட்டரியையும் டப்பாவின் பேட்டரியையும் பயனாளியே கழற்றி மாட்டலாம். முடியாது என்று மற்றவர்கள் சொன்னது முடிகிற காரியம்தான் என்று தெரிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம், சில விலக்குகள் போக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளியே கழற்றும்படி வைக்க வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி 18-ஐ அதற்குக் கெடுவாக வைத்திருக்கிறது.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, 2025 மே மாதம் ‘பழுதுபார்ப்புக் குறியீடு’ பற்றிய அறிக்கையை அளித்தது. பழுதுபார்ப்பு விவரங்கள் எளிதில் கிடைக்கின்றனவா, உதிரிபாகங்கள் உண்டா என்பனவற்றை வைத்து ஒரு பொருளுக்கு மதிப்பெண் தருவது அதன் நோக்கம். முதல் கட்டமாகச் செல்பேசியும் டேப்லெட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. அடுத்த கட்டத்தில் இயர்பட்ஸைச் சேர்க்க வேண்டும். மதிப்பெண் போடும்போது பேட்டரி கழலுமா என்பதோடு, ரீசெட் செய்யப் பொத்தான் இருக்கிறதா, வழிமுறை மாநில மொழியில் பொருளின் மேலேயே இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் துறை கேட்க வேண்டும்.