குருவானவரை இரண்டாம் முறை புதைக்க வேண்டாம்

கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரின் வாழ்வைப் பற்றி இவ்வேட்டில் எழுதப் புகுந்தால் இரு திசைகளிலிருந்தும் கண்டனம் எழும் என்பதை நாம் அறிவோம். 'பொருள்முதல்வாதம் பேசும் உங்களுக்குச் சுவாமியாரோடு என்ன உறவு?' என்று நம் நண்பர்களிற் சிலர் கேட்பர். 'கோவில் விடயம் கோவிலாருக்கு; உங்களுக்கு அங்கே என்ன வேலை?' என்று மறுபுறத்தார் கேட்பர். இரு சாராருக்கும் நமது விடை ஒன்றே. ஒரு குருவானவரைப் புகழ்வதற்காக நாம் இதனை எழுதவில்லை. அவரைப் புகழ்ந்து புகழ்ந்தே அவர் கேட்ட கேள்வியிலிருந்து தப்பியோடும் தந்திரம் ஒன்று உலகில் நடைபெற்று வருகிறது. அத்தந்திரத்தை எதிர்ப்பதற்காகவே எழுதுகிறோம்.

நாம் குறிப்பிடுபவர் லொறென்சோ மிலானி. 1923 மே 27 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தவர். வாரக் கமக்காரர் உழுது பயிரிட்ட நிலங்களுக்கு உரித்தான குடும்பம். புகழ்பெற்ற மொழியியலறிஞரான கொம்பரெற்றியைப் பூட்டனாராகக் கொண்ட குடும்பம். தாயார் யூத வம்சத்தவர். வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன; செபமாலை இருக்கவில்லை. ஓவியம் பயின்றுகொண்டிருந்த அவ்விளைஞர், நாடு போரில் எரிந்துகொண்டிருந்த 1943 இல் குருமடம் புகுந்தார். 1947 இல் குருப்பட்டம் பெற்றார்.

அவர் உதவிக் குருவாக அனுப்பப்பட்ட இடம் கலென்சானோவைச் சேர்ந்த சான் டொனாற்றோ என்ற பங்கு. நெசவாலைத் தொழிலாளரும் கமக்காரரும் வாழ்ந்த இடம் அது. அங்கே அவர் கண்டது என்ன? பிள்ளைகள் ஞானஸ்நானம் பெறுகின்றனர், புதுநன்மை வாங்குகின்றனர், திருநாட் பவனியில் மெழுகுதிரி ஏந்துகின்றனர். ஆயினும் பிரசங்கத்தில் உரைக்கப்படும் வாக்கியம் ஒன்றின் பொருளும் அவர்களுக்கு விளங்கவில்லை. ஞானோபதேசம் மட்டுமா விளங்கவில்லை? முதலாளி நீட்டிய ஒப்பந்தம் விளங்கவில்லை, பத்திரிகை விளங்கவில்லை, சட்டம் விளங்கவில்லை. ஏழைக்கும் செல்வனுக்கும் இடையே கிடக்கும் பள்ளம் பணத்தால் மாத்திரம் தோண்டப்பட்டதன்று, சொல்லாலும் தோண்டப்பட்டது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அம்முடிவிலிருந்து அவர் சாகும்வரை விலகவில்லை.

ஆகவே இளந் தொழிலாளருக்கு மாலைப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த இளைஞரும் கூச்சமின்றி வந்து அமர வேண்டும் என்பதற்காகப் பாடசாலைச் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தையே கழற்றி வைத்தார். இஃது அவநம்பிக்கையாளன் ஒருவனின் செயலன்று. அதிகாலையில் எழுந்து பூசை ஒப்புக்கொடுத்த குருவானவரின் செயல்! அக்காலத்து இத்தாலியப் பங்குகளில் இளைஞரைக் கோவிலோடு கட்டிவைக்கக் கையாளப்பட்ட உபாயம் உதைபந்தாட்டமும் மேசைப் பந்தாட்டமுமாகும். மிலானி அவற்றை வெறுத்தார். உழைத்துக் களைத்தவனிடம் எஞ்சியிருக்கும் இரண்டு மணி நேரத்தையும் விளையாட்டுக் காட்டிப் பறிப்பது, அவன் அறியாமையில் நிலைத்திருக்க வேண்டுமென விரும்புவோருக்குச் செய்யும் சேவை என்று அவர் கருதினார்.

இங்கே சற்று நின்று நம் ஊரை நோக்குவோம். நமது கரையோரப் பங்குகளில் திருநாட் காலத்தில் கொடியேற்றத்துக்கும் சோடனைக்கும் வாணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் திரட்டப்படும் பணத்தை நாம் கண்டிருக்கிறோம். இந்துக் கோவில் வீதிகளிலும் இதே காட்சிதான். கொண்டாட்டத்தை நாம் பழிக்கவில்லை. ஆண்டு முழுவதும் கடலோடும் மண்ணோடும் போராடுகிறவனுக்கு ஒருநாள் மகிழ்ச்சி வேண்டும். ஆனால் அதே கோவிலின் நிழலில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பையன்கள் எத்தனை பேர் என்ற கணக்கைத் திருநாட் சபையார் என்றாவது எடுத்ததுண்டா? மிலானி எடுத்தார். தம் பங்கின் வீடுகளை எண்ணினார்; வகுப்புக்களை எண்ணினார்; தாம் கண்டவற்றை 'மேய்ப்புப்பணி அனுபவங்கள்' என்ற நூலாக 1958 இல் வெளியிட்டார். அதிமேற்றிராணியாரின் அச்சனுமதி பெற்றிருந்த அந்நூலை, அதே ஆண்டு டிசெம்பரில் உரோமாபுரியின் பரிசுத்த அலுவலகம் விற்பனையிலிருந்து நீக்குமாறு பணித்தது.

நூலுக்கு முன்பே ஆளை நீக்கிவிட்டார்கள். 1954 இல் சான் டொனாற்றோவின் முதிய பங்குக் குரு காலமானார். ஏழாண்டுகள் அங்கே உழைத்த மிலானிக்கு அப்பதவி கிடைக்கவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில், பெருமழை நாளொன்றில், முகெல்லோ மலைப்பகுதியிலுள்ள பார்பியானாவுக்கு அவர் அனுப்பப்பட்டார். மூடிவிட எண்ணியிருந்த பங்கு அது. ஒரு கோவில், ஒரு குருமனை, மலைச்சரிவில் அங்குமிங்குமாகச் சிதறிய சில வீடுகள்; ஏறக்குறைய நூறு ஆன்மாக்கள்; தெருவில்லை, மின்சாரமில்லை, குழாய்நீரில்லை. தேர்தற் காலத்தில் ஆளுங்கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்குக் கைகட்டி நில்லாத குருவானவருக்குக் கிடைத்த வெகுமதி இதுவாகும். வந்து சேர்ந்த மறுநாளே அவர் அவ்வூர்ச் சேமக்காலையில் தமக்கெனக் குழிநிலம் ஒன்றை வாங்கினார். 'தண்டனை முடிந்ததும் திரும்பிப் போவேன்' என்று நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவன் புதைகுழி வாங்குவதில்லை. தோட்டப் பகுதிக்கு நியமனம் கிடைத்த அன்றே இடமாற்ற விண்ணப்பத்தைத் தயாரிக்கும் நம் படித்த வாலிபர்கள் இச்செய்தியை இருமுறை வாசிப்பார்களாக.

பார்பியானாவில் அவர் நடத்திய பாடசாலை குருமனையிலேயே நடந்தது. தொடக்கத்தில் ஆறு சிறுவர்கள். ஆரம்பப் பாடசாலையைத் தாண்டிய அவர்களை, ஆடு மேய்க்கவும் நிலங் கொத்தவும் அனுப்பாமல் தம்மோடு இருத்திக்கொண்டார். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்; ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள்; விடுமுறை என்பதே இல்லை. மேசை நாற்காலிகளைப் பிள்ளைகளே செய்தனர். பத்திரிகையை உரத்து வாசித்து, விளங்காத சொல் வந்த இடத்தில் நின்று, அச்சொல்லின் வேரைத் தேடிய பின்னரே மேலே சென்றனர். மலையில் வளர்ந்த சிறுவர்களின் நீர்ப்பயத்தைப் போக்கச் சிறு தடாகம் ஒன்றையும் கட்டினர். அந்நிய மொழிகளைக் கற்று, வளர்ந்த பின் வேலை செய்து அம்மொழிகளைப் பழகுவதற்காகப் பிறநாடு சென்றனர். சுவரில் 'ஐ கேர்' என்ற இரு ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. 'எனக்கு அக்கறையுண்டு' என்பது அதன் பொருள். முசோலினியின் ஆட்கள் 'எனக்கென்ன?' என்று கொக்கரித்த தேசத்தில், அதற்கு நேர்மாறான விடையாக அதனை எழுதிவைத்தார்.

அப்பாடசாலையின் மாணவர் எண்மர் கூடி எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூல் 1967 மே மாதம் வெளிவந்தது. ஆசிரியர் பயிற்சிக்கான பாடசாலைப் பரீட்சையில் பார்பியானாச் சிறுவர்கள் தோற்கடிக்கப்பட்டமையே அதற்குக் காரணம். கமக்காரன் மகன் ஒரே வகுப்பில் மீண்டும் மீண்டும் அமர்த்தப்பட்டுக் கடைசியில் வெளியே போகிறான். வைத்தியர் மகன் தடையின்றி மேலே ஏறுகிறான். இது விதியன்று, ஏற்பாடு என்பதைப் புள்ளிவிபரங்களோடு அவர்கள் நிறுவினார்கள். எழுத்தாளராகிய நாம் அந்நூல் எழுதப்பட்ட விதத்தையும் கவனித்தல் வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைத் தனித்தனித் தாள்களில் எழுதினர். தாள்களை மேசையிற் பரப்பி வகைப்படுத்தினர். பின்னர் ஒவ்வொரு வாக்கியத்திலும் எச்சொல் மிகை, எச்சொல் பொய், எச்சொல் எளியவனுக்கு எட்டாதது என்று விசாரித்து வெட்டினர். தனிமேதையின் ஆவேசமே இலக்கியம் என்று நம்பும் நம்மவர்க்கு, ஆடு மேய்க்கப் போயிருக்க வேண்டிய சிறுவர்கள் காட்டிய பாடம் இது.

குருவானவரோ அதற்குள் நோயுற்றிருந்தார். நோய் அவரை நிணநீர்க் கணுக்களில் பற்றியிருந்தது. அந்நிலையிலும் ஒரு போர் அவரைத் தேடி வந்தது. 1965 பெப்ரவரியில் தொஸ்கானா மாகாணத்து ஓய்வுபெற்ற இராணுவ ஆன்மகுருக்கள் சிலர், மனச்சாட்சியின் பேரால் ஆயுதமேந்த மறுத்துச் சிறை சென்ற இளைஞர்களைக் கோழைகள் என்று இகழ்ந்து அறிக்கை விட்டனர். மிலானி பகிரங்கக் கடிதம் எழுதினார். கடந்த நூறாண்டில் இத்தாலிய இராணுவம் நடத்திய யுத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது நீதியானது என்று அக்குருக்களைக் கேட்டார். அக்கடிதத்தை வெளியிட்ட ஏடு கம்யூனிஸ்ட் கட்சியின் 'ரினாஷித்தா'. குற்றத்தைப் போற்றியதாக வழக்குத் தொடரப்பட்டது. நோயினால் நீதிமன்றம் செல்ல இயலாதவர், நீதிபதிகளுக்கு எழுத்து மூலம் விடை கொடுத்தார்: மேலிடத்துக் கட்டளை என்ற போர்வையுள் மனிதன் ஒளிந்துகொள்ள முடியாது, ஹிரோஷிமாவின் பின்னர் எவரும் அவ்வாறு ஒளிய உரிமையில்லை என்பதே அதன் சாரம். 1966 பெப்ரவரி 15 இல் விடுதலையானார். மேன்முறையீட்டுத் தீர்ப்பு வருமுன்னே, 1967 ஜூன் 26 இல் இறந்தார். அப்போது வயது நாற்பத்து நான்கு. ஆயுதமேந்த மறுக்கும் உரிமையை இத்தாலியச் சட்டம் 1972 இல் ஏற்றுக்கொண்டது.

பின்னர் நடந்ததே நம் கட்டுரையின் பொருள். 2014 இல் அவருடைய நூலின் மீதிருந்த தடை நீங்கியது. 2017 இல் பாப்பரசர் பிரான்சிஸ் பார்பியானாவுக்குச் சென்று கல்லறையருகே செபித்தார். 2023 இல், நூற்றாண்டு விழாவின்போது, இத்தாலிய ஜனாதிபதி அம்மலைக்கு ஏறினார். நன்று, தவறு செய்தவர்கள் தவறென ஒப்புக்கொள்வதை நாம் குறைகூறோம். ஆனால் எழுபதாண்டுக்கு முன் மனிதனை மலையிற் புதைத்தவர்கள் இன்று அவன் கேள்வியை மலர்வளையத்துள் புதைப்பார்களானால், அது இரண்டாவது அடக்கமாகும். தீர்க்கதரிசியைக் கொன்றபின் கல்லறையைச் சிங்காரிக்கும் வழக்கத்தை அவர்களுடைய வேதமே கண்டிக்கிறது அல்லவா?

நம் முற்போக்கு நண்பர்களும் இக்குற்றத்திலிருந்து விடுபட்டவர்களல்லர். மிலானியின் அங்கியைப் பார்த்து முகஞ்சுளிப்பார்கள். அல்லது அங்கியை மறைத்துவிட்டு அவரை நம்மவர் என்பார்கள். இரண்டும் பிழை. அவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டும் மேற்றிராணியாருக்குக் கீழ்ப்பட்டுக்கொண்டும் இறுதிவரை குருவாகவே இருந்தவர். எந்தக் கட்சியின் அட்டையையும் அவர் வாங்கவில்லை. அவருடைய கண்டிப்பில் நமக்கு உடன்பாடில்லாத கடுமையும் இருந்தது. பிள்ளைகளின் ஓய்வு நேரத்தையெல்லாம் பறித்த அவர் முறையை எல்லா இடத்துக்கும் பொருந்தும் மருந்தென்று நாம் சொல்லோம். ஆயினும் ஏழையின் பிள்ளைக்காகத் தன் நாளின் பன்னிரண்டு மணி நேரத்தைக் கொடுத்த ஒருவரைக் குறைகூறுமுன், நாம் எத்தனை மணி நேரம் கொடுத்தோம் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

அவருடைய கேள்வி நம்மையும் சுடுகிறது. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி பெற்ற தேசம் நமது. அதன் ஒளி தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை மலையகத் தொழிலாளியின் பிள்ளை ஒற்றை அறையில் ஒற்றை ஆசிரியரை நம்பியிருந்தது. கிராமத்து ஏழை மாணவனை மத்திய கல்லூரிக்குக் கொண்டுசெல்ல ஏற்பட்ட ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை, இன்று பத்து வயதுக் குழந்தைகளைச் சலித்தெடுக்கும் சல்லடையாகிவிட்டது. தனியார் வகுப்புக்குப் பணங்கட்டக் கூடியவன் சல்லடையின் மேலே நிற்கிறான். கீழே விழுந்தவனைப் பார்த்து 'மூளையில்லை' என்கிறோம். திறமைக்கு மதிப்பளிக்க வேண்டாமா என்று கேட்பவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்: ஒருவன் தோளில் ஏறியும் மற்றவன் குழியில் நின்றும் அளக்கப்படும் உயரம் எவ்வகைத் திறமை?

மொழியின் கதையும் இதுவே. லயத்தில் வளரும் பிள்ளைக்குக் கொழுந்தும் கவ்வாத்தும் பிரட்டும் தெரியும். வாடியில் வளரும் பிள்ளைக்குக் கரைவலையும் சோளகமும் கொண்டலும் தெரியும். பரீட்சைத் தாளோ அவர்கள் வீட்டுச் சொல்லை ஒருபோதும் கேட்பதில்லை. வீட்டில் நூலுள்ளவன் சொல்லையே கேட்கிறது. 1960களில், உழைப்பாளியின் பேச்சு கதைகளில் ஏறியபோது 'இழிசனர் வழக்கு' என்று முகஞ்சுளித்த பண்டிதர்களோடு நாம் போராடினோம். அப்போராட்டம் நியாயமானது. எனினும் பார்பியானாவின் குரு நமக்கு இன்னுமொரு பாதியை நினைவூட்டுகிறார். அவனுடைய சொல்லை நாம் எழுதினால் மட்டும் போதாது. அவனே எழுதும்படி செய்தல் வேண்டும். அவனுடைய பேச்சை நம் கதையில் அலங்காரமாக வைத்து நாம் பரிசு பெற, அவன் பிள்ளை விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பக் கடைக்காரனின் கையை எதிர்பார்த்து நிற்பானாயின், நம் முற்போக்கும் ஒருவகைத் திருநாட் சோடனைதான்.

குருவானவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், நம்மைப் போன்ற எழுத்தாளர்களுக்கும் நாம் கூறுவது இதுவே. மிலானிக்குச் சுரூபம் வேண்டாம், விழா வேண்டாம். உங்கள் பங்கில், உங்கள் வகுப்பில், உங்கள் ஒழுங்கையில் கடந்த ஆண்டு பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் வீடு வீடாகச் சென்று கேளுங்கள். பின்னர், மாலை ஆறு மணிக்கு விளக்கை ஏற்றி, ஒரு மேசையைப் போட்டு அமருங்கள். அவர்கள் வருவார்கள்.