செஞ்சிக் காட்டை இருளர் கையில் கொடுங்கள்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. மராத்தியர் ஆண்ட 12 கோட்டைகளை ஒரே தொகுதியாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டுமே. விழுப்புரம் மாவட்டம் பெருமைப்படலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் மதில்களைப் பேண இனிப் பணம் வரும், வல்லுநர்கள் வருவார்கள். ஆனால் அந்தக் குன்றுகளைச் சுற்றியும், சற்றுத் தள்ளிப் பக்கமலையிலும் மிஞ்சியிருக்கும் காட்டுக்கு யார் வருவார்கள் என்ற கேள்வி உரக்க எழவில்லை.

முட்புதரும் இலையுதிர் மரங்களும் கலந்த காடு அது. சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவைதான். வீரை, உலக்கைப்பாலை, காசான் போன்ற அம்மரங்கள் கடற்கரைப் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் போன்ற ஒருசில இடங்களில் மட்டுமே கூட்டமாக எஞ்சியிருக்கின்றன. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தீக்கும் நூற்றாண்டுகளாக இரையான இக்காட்டை மீட்பது லாரியில் கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கும் வேலை அல்ல. எந்த விதை எந்த மாதம் விழுகிறது, எந்தப் பறவை அதைச் சுமக்கிறது, பாறையிடுக்கில் நீர் எதுவரை நிற்கிறது, எந்தப் புற்றில் உடும்பு ஒண்டுகிறது என்று ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் வேண்டும். காட்டுயிர் உயிரியலாளரின் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

அந்தக் கண்கள் செஞ்சி வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை இருளர் மக்களின் கண்கள். மீட்புப் பணியைக் கூலி வேலையாக அல்லாமல், நிலத்தின்மீதான உரிமையோடும் பதவிப் பெயரோடும் நிலையான ஊதியத்தோடும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இந்த ஏடு கேட்கிறது.

இன்று அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஏரிக்கரைப் புறம்போக்கில், பட்டா இல்லாத குடிசைகளில். முன்பணம் வாங்கிய கடனுக்காகக் குடும்பத்தோடு செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முடங்கிய கதைகள் இம்மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. தமிழ்நாட்டில் மிக நலிந்தவையாக மத்திய அரசு வகைப்படுத்திய ஆறு பழங்குடிகளில் இருளரும் ஒருவர். பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகப் படியில் காத்துக் கிடப்பதே பல குடும்பங்களுக்கு ஒரு தலைமுறைப் போராட்டமாக இருந்திருக்கிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்தச் சான்றிதழுக்காகவும் பொய் வழக்குகளுக்கு எதிராகவும் செலவிட்ட உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல.

இருளரிடம் காட்டைக் கொடுப்பதா, அவர்கள் வேட்டையாடுகிறவர்கள் ஆயிற்றே என்ற மறுப்பு உடனே எழும். இதற்கு வடநெம்மேலியிலுள்ள பாம்பு பிடிப்போர் சங்கத்தில் பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் இருளர் பிடித்த பாம்புகள் தோலுக்காகச் சந்தைக்குப் போயின. 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றது; அடுப்பெரிய வழியில்லாமல் போனது. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடிப்பார்கள். சில வாரம் பானையில் வைத்திருந்து, அளவாக நஞ்செடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பவும் காட்டில் விடுவார்கள். அடையாளம் இருப்பதால் அதே பாம்பை மறுபடி பிடித்து வதைக்க நேராது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக மதிப்பிடப்பட்ட ஒரு நாட்டில், நஞ்சு முறிவு மருந்துக்கான நஞ்சின் பெரும்பங்கு இந்த ஒரு சங்கத்திலிருந்து போகிறது. எவர் கையால் பாம்பு அழிகிறது என்று பேசப்பட்டதோ, அவர்கள் கையாலேயே அது உயிரோடு காட்டுக்குத் திரும்புகிறது. மாறியது அவர்களுடைய குணமல்ல, பிழைப்பின் கணக்கு. உயிரோடு விடப்பட்ட பாம்பில் வருமானம் வந்ததும், அதைக் காப்பது அவர்களின் சொந்த வேலையாகிவிட்டது.

2017-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவரை அமெரிக்காவின் புளோரிடா மாகாணம் வரவழைத்தது. அங்கே சதுப்புக் காடுகளில் பெருகி உள்ளூர்ப் பாலூட்டிகளைத் தின்று தீர்க்கும் பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்குப் பயிற்சி பெற்ற நாய்கள், வேட்டைப் போட்டி என்று பல வழிகளை முயன்றிருந்தார்கள். இவர்கள் தரையில் பதிந்த தடத்தையும் எச்சத்தையும் பார்த்து நான்கு வாரத்துக்குள் 27 பாம்புகளைப் பிடித்துக்கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. புளோரிடாவின் பல்கலைக்கழகம் நாடிவந்த அறிவை, செஞ்சியிலும் திண்டிவனத்திலும் நாம் வரப்போரம் எலி பிடிக்கவும் சூளையில் கல் சுமக்கவும் மட்டும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். இது அநீதி; காட்டுக்கும் நட்டம்.

பழங்குடியின் சொல்லைக் கேளாததன் விலையையும் நாம் பார்த்திருக்கிறோம். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் ஆண்டுதோறும் தரைச்சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயை வைத்துவந்தார்கள். அது சரணாலயமானபின் தீ தடைசெய்யப்பட்டது. உண்ணிச்செடி காட்டின் அடித்தளத்தை மூடியதற்கு இந்தத் தடையும் காரணம் என்று சோலிகர்கள் ஆய்வாளர்களிடம் விளக்கினார்கள்; ஆய்வாளர்களும் அதைப் பொருட்படுத்தி எழுதினார்கள். ஆனால் அதற்குள் செடி மலையெங்கும் பரவிவிட்டது. செஞ்சிக்கும் அதே தீ பொருந்தும் என்று சொல்லவில்லை. எது பொருந்தும் என்பதை இங்குள்ளவர்களைக் கேட்டு, அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். இங்கேதான் படித்த உயிரியலாளர் தேவைப்படுகிறார். மாதிரிக் கட்டம் அமைப்பது, கேமரா வைத்து எண்ணுவது, பத்தாண்டுத் தரவை ஒப்பிடுவது ஆகியவை அனுபவத்தால் மட்டும் ஆவதில்லை. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இப்பகுதித் தாவரங்களைப் பல பத்தாண்டுகளாகப் பதிந்து வைத்திருக்கிறது. 1968-க்குப் பின் ஆரோவில்லில் பொட்டல் செம்மண் மேட்டைக் காடாக்கிய அனுபவமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தண்டரையில் 1986-இலிருந்து இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மூலிகை நாற்றங்காலையும் காடு வளர்ப்பையும் இருளப் பெண்களே நடத்த முடியும் என்று காட்டியிருக்கிறது. இவற்றை ஓரிடத்தில் சேர்க்கத்தான் ஆளில்லை.

உலகில் இது புதுமையும் அல்ல. அமெரிக்காவின் மான்டானாவில் சாலிஷ், கூட்டெனாய் பழங்குடிகளின் நிலத்திலிருந்து 1908-இல் அவர்கள் இசைவின்றி எடுக்கப்பட்ட காட்டெருமைக் காப்பிடம், 2020 டிசம்பரில் சட்டத்தின் வழியே அவர்களிடமே திரும்பியது. அங்கே இப்போது எருமைக் கூட்டத்தைப் பராமரிப்பது அப்பழங்குடிகளின் சொந்த இயற்கைவளத் துறை. உயிரியலாளர்களுக்கு வேலை கொடுப்பவர்களாகப் பழங்குடிகள் இருக்கிறார்கள்.

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தாம் வழிவழியாகக் காத்துவந்த சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் மீளுருவாக்கவும் மேலாண்மை செய்யவும் பழங்குடிகளுக்கு உரிமை தருகிறது. காப்புக்காடும் அதற்கு உட்பட்டதே. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டாக்கள் 2008-இலிருந்து தேங்கின; 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதன்பிறகு தாமதத்துக்கு நியாயம் ஏது? சமவெளி இருளர் காட்டுக்குள் வசிப்பதில்லையே என்று சில அதிகாரிகள் சொல்லக்கூடும். காட்டைச் சார்ந்து வாழ்வோர் காட்டுக்குள்ளேயே குடியிருக்க வேண்டியதில்லை என்று மத்தியப் பழங்குடியினர் அமைச்சகம் 2008-இலேயே விளக்கம் தந்துவிட்டது.

தமிழக வனத்துறையில் பழங்குடிகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021-இல் முதுமலைப் பகுதியில் டி23 என்று பெயரிடப்பட்ட புலியைத் தேடியபோது தடம் பார்த்து வழிகாட்டியவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் வேட்டைத் தடுப்புக் காவலராகத் தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு நாளை வேலை உண்டா என்ற உறுதி இல்லை. அவர் கண்டதை அறிக்கையாக்கும்போது அவர் பெயரும் அதில் வருவதில்லை. செஞ்சியில் இதே முறையைத் திரும்பச் செய்தால் பயனில்லை. 'களஉயிரியலாளர்' என்ற பதவியையே உருவாக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பதிலாகத் தடமறிதலிலும் தாவர அறிவிலும் நேரடித் தேர்வு வைக்கலாம். பெண்களுக்குப் பாதி இடம் தர வேண்டும். ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை இவர்கள் எழுதட்டும். தகவல் தந்தவர் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். பசுமைத் தமிழகம் இயக்கத்தின் நாற்றங்கால் பணியைச் செஞ்சி வட்டத்தில் இருளப் பெண்கள் குழுக்களிடம் தரலாம். கோட்டைச் சுற்றுலாவில் வரும் வருவாயில் ஒரு பங்கைக் காட்டு மீட்புக்கென ஒதுக்குவதும் முடியாத காரியமல்ல.

முதல் அடி கிராம சபையில் தொடங்குகிறது. பக்கமலையைச் சார்ந்த இருளர் குடியிருப்புகள் சமூக வன உரிமைக்கு மனுக் கொடுக்க வேண்டும். வரைபடமும் ஆவணமும் தந்து உதவுவது வருவாய், வனத் துறைகளின் சட்டப்படியான கடமை. மனுவைக் கோட்ட அளவிலான குழு ஆராயும். இறுதி முடிவெடுக்கும் மாவட்டக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர். சான்றிதழ் இல்லாத குடும்பங்களுக்கு அதற்கு முன்பாகவே சிறப்பு முகாம் நடத்தி அதை வழங்கிவிட வேண்டும். அது இல்லாததைக் காட்டி ஒரு மனுவைக்கூடத் திருப்பியனுப்பக் கூடாது.