இசை கேட்பதில் சமனாக்கி வேண்டுமா?

இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் சிறியதுபோல் தோன்றும். ஆயினும் நம் இல்லங்களில் அடிக்கடி சிறு பூசலுக்கு இடம் தருவது. பாட்டுக் கேட்கும் கருவிகளில் ஈக்வலைசர் என்றோர் அமைப்பு உண்டு. கைப்பேசி, தொலைக்காட்சி, மோட்டார் வண்டி ஆகிய யாவற்றிலும் அஃது இன்று இடம்பெற்றுவிட்டது. தாழ்ந்த ஒலி, இடைப்பட்ட ஒலி, உயர்ந்த ஒலி ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் அது துணைசெய்கிறது. தமிழில் அதனைச் சமனாக்கி எனலாம். மகன் அதில் தாழொலியை உச்சிக்கு ஏற்றி வைக்கிறான். தந்தையோ, 'பாடகர் பாடியதைப் பாடியபடியே கேட்க வேண்டும், இஃதென்ன ஒப்பனை?' என்று அதனை நிறுத்திவிடுகிறார். பாட்டியார், எப்படி வைத்தாலும் பாட்டில் சொல் விளங்கவில்லை என்று வருந்துகிறார். மூவருள் யார் பக்கம் நியாயம் இருக்கிறது?

முதலில் பெயரை நோக்குவோம். நெடுந்தொலைவு செல்லும் தொலைபேசிக் கம்பியில் உயர்ந்த அதிர்வெண்கள் தேய்ந்துபோகும். மறுமுனையில் குரல் மழுங்கிக் கேட்கும். அந்தத் தேய்வை ஈடுசெய்து, இங்கே புறப்பட்ட குரலும் அங்கே சேர்ந்த குரலும் சமமாகும்படி செய்த அமைப்புக்கே இப்பெயர் வழங்கலாயிற்று. ஆகவே, இழந்ததை மீட்டுத் தருவதே இதன் பிறவிக் கடமை, இல்லாததைச் சேர்ப்பதன்று. பின்னர் இது வீட்டுக் கருவிகளுக்கும் வந்தது. 1952-இல் பீட்டர் பாக்ஸண்டால் என்னும் ஆங்கிலப் பொறியாளர் தாழொலி, உச்சவொலி இரண்டையும் தனித்தனியே திருத்தும் எளிய மின்சுற்றொன்றை 'வயர்லெஸ் வோர்ல்டு' இதழில் வெளியிட்டார். பிற்காலத்து வானொலிப் பெட்டிகளிலும் ஒலிபெருக்கிகளிலும் நாம் திருகிய இரு குமிழ்களுக்குப் பின்னால் பெரும்பாலும் அவ்வகைச் சுற்றே இருந்தது. இன்று கைப்பேசியில் காணும் சமனாக்கியில் பலவற்றில் பத்துப் பட்டைகள் இருக்கின்றன: 31, 62, 125, 250, 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000 ஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் முன்னதைப்போல் இருமடங்கு. நம் இசைமொழியில் கூறின், பட்டைக்குப் பட்டை ஒரு ஸ்தாயி.

இனித் தந்தையாரின் கட்சியை ஆராய்வோம். பாடியதைப் பாடியபடியே கேட்டல் வேண்டும் என்பது உயர்ந்த கொள்கையே. ஆயின் திருத்தம் எதுவும் பெறாமல் நம் செவியை எட்டும் பதிவு மிக அரிது. இசைத்தட்டையே எடுத்துக்கொள்வோம். தட்டில் தாழொலியைப் பெருக்கிப் பதித்தால் வரிப்பள்ளம் அகன்று இடத்தை விழுங்கும். உச்சவொலியை உள்ளவாறே பதித்தால் ஊசியின் இரைச்சலில் அது மூழ்கும். ஆதலால் பதிக்கும்போது தாழொலியைக் குறைத்தும் உச்சவொலியைக் கூட்டியும் பதித்தனர். இசைக்கும்போது அதற்கு நேர்மாறாகத் திருத்தினர். இத்திருத்தம் இரு கோடிகளிலும் ஏறத்தாழ 20 டெசிபல் அளவினது. 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலினர் இதற்குப் பொது அளவொன்றை வகுத்தனர். அதற்கு முன்போ கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு அளவு. எனவே, சமனாக்கல் இல்லாமல் இசைத்தட்டே இல்லை எனலாம்.

அன்றியும் நம் செவியும் எல்லா ஒலியையும் ஒரே கண்கொண்டு பார்ப்பதில்லை. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் இதனை அளந்து காட்டினர். 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை நம் செவி கூர்மையாகக் கேட்கும். தாழொலியை அவ்வாறு கேளாது. மிக மெல்லிய நிலையில் 100 ஹெர்ட்ஸ் ஒலி நமக்குக் கேட்க வேண்டுமாயின், 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட அது 20 டெசிபலுக்கும் மேலாக மிகுந்திருத்தல் வேண்டும். ஒலி வலுக்க வலுக்க இவ்வேறுபாடு குறைகிறது. அண்டை வீட்டார் உறங்கும் இரவில் ஒலியைத் தாழ்த்திக் கேட்கும்போது மிருதங்கத்தின் தொப்பி மறைந்து, பாட்டு மெலிந்து ஒலிப்பதன் காரணம் இதுவே. அப்போது தாழொலியைச் சிறிது கூட்டுவது குற்றமன்று. செவியின் குறையை நிரப்புவதேயாகும். ஆகவே, தந்தையாரின் கொள்கையை மதிப்போம். அவர் விதித்த தடையை மட்டும் தளர்த்துவோம்.

மகனின் கட்சிக்கு வருவோம். 60 ஹெர்ட்ஸ் பட்டையை வானளாவ உயர்த்தினால் கருநாடக இசையில் கிடைப்பது யாது? ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவரின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண்டிரின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 196. எனவே அப்பட்டையில் குரலுக்குப் பங்கே இல்லை. அங்கு உயர்வது தொப்பியின் அடியொலியும், மேடைப் பலகையின் அதிர்வும், மின்விசிறியின் முழக்கமுமே. அவை உயர்ந்தால் குரல் அமுங்கும். நடனத்திற்கென்றே தாழொலியை முன்னிறுத்தி அமைத்த பாட்டுக்கு அது பொருந்தலாம். ஆயின் அத்தகைய பாட்டில் இசையமைத்தோரே வேண்டிய அளவு தாழொலியைச் சேர்த்திருப்பர். குழம்பில் உப்பு இருக்கும்போது இலையில் மீண்டும் உப்பைக் கொட்டுவார் உண்டோ?

உயர்ந்த பட்டைகளிலோ நம் இசையின் உயிரே இருக்கிறது. இங்கு வேற்றூரில் வாழும் நமக்கு உவகை தரும் ஒரு செய்தியைக் கூறலாம். 1907-இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்ற சி. வி. இராமன், அலுவல் போக எஞ்சிய நேரத்தில் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அமர்ந்து ஆராய்ந்த பொருள்களுள் நம் இசைக்கருவிகளும் அடங்கும். மற்றைத் தோற்கருவிகளின் மேலொலிகள் ஒழுங்கின்றிச் சிதற, மிருதங்கத்தின் வலந்தலையோ அதன்மேல் இட்ட கரணையினால் நரம்புக்கருவிபோல் ஒழுங்கான மேலொலிகளைத் தருகிறது என்பதை 1920-இல் எடுத்துக்காட்டினார். தம்புராவின் வளைந்த குதிரையும் அதன்மேல் இடும் நூலும், தந்தியில் எழலாகாது என்று பொதுவிதி கூறும் மேலொலிகளையும் எழுப்புகின்றன என்பதை 1921-இல் விளக்கினார். தம்புரா 'பேசுகிறது' என்று நாம் கூறுவது இம்மேலொலிகளின் செயலே. 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைகளைத் தாழ்த்துவோர் தம்புராவை ஊமையாக்குகின்றனர் என்க.

சுருதி மட்டுமன்று, சொல்லும் அங்கேயே இருக்கிறது. ல, ள, ழ ஆகிய மூன்றையும் செவிக்குப் பிரித்துக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள இடையொலியில் அமைந்துள்ளன. சகரம் போன்ற உரசொலிகள் அதனினும் மேலே செல்கின்றன. இது நம்மனோர்க்குப் பெரிய செய்தியாகும். தில்லியிலும் மும்பையிலும் வளரும் நம் குழந்தைகளுள் பலர் பள்ளியில் தமிழ் கேட்பதில்லை, தெருவிலும் கேட்பதில்லை. வீட்டுப் பேச்சுக்கு அடுத்தபடியாக அவர்கள் செவியில் தமிழ் விழுவது பாட்டின் வாயிலாகவே. அப்பாட்டில் தாழொலி முழங்கி இடையொலி மங்குமாயின், குழந்தைக்குத் தாளம் மட்டும் தங்கும், தமிழ் தங்காது. 'வாழை' எது, 'வாளை' எது என்று அறியாத செவியைப் பின்னர்த் திருத்துவது எளிதன்று. ஆகவே, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இடையொலியைக் குறைத்து வைத்தலாகாது என்பது நம் உறுதியான கருத்து.

நிற்க. சமனாக்கியைத் தொடுமுன் அறையைத் திருத்துக. ஒலிப்பெட்டியைச் சுவர் மூலையில் வைத்தால் தாழொலி தானே பெருகும். ஓரிரண்டு அடி முன்னே இழுத்தால் தானே குறையும். பத்தடி நீளமுள்ள அறையில் ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்று முழங்கும். அறையின் நடுவில் அது குன்றி, சுவரோரம் மிகும். அமரும் இடத்தை மாற்றினாலே பாதிக் குறை தீர்வதுண்டு. வெற்றுச் சுவரும் பளிங்குத் தரையும் உள்ள அறையில் உச்சவொலி கூசும். திரைச்சீலையும் சமக்காளமும் அதனை அடக்கும். இவற்றுக்குக் காசு மிகுதியும் வேண்டியதில்லை. தாழொலி சுவரை எளிதில் ஊடுருவும் என்பதையும் அடுக்குமாடியில் வாழ்வோர் மறத்தலாகாது. நாம் கேட்கும் பாட்டு அண்டை வீட்டாருக்குப் பாட்டாகச் சென்று சேர்வதில்லை. வெறும் இடியாகவே சேர்கிறது.

அதன் பின்னரும் குறை இருப்பின் சமனாக்கியைக் கையாளலாம். அதற்குச் சில நெறிகள் உள. முதலாவது, எல்லாப் பட்டைகளையும் சுழியத்தில் வைத்து ஒரு பாட்டை முழுதும் கேட்க. குறை இன்னதென்று தெளிந்த பின்னரே கை வைக்க. இரண்டாவது, கூட்டுவதினும் குறைப்பதே நன்று. குரல் அமுங்கினால் குரலை உயர்த்தாமல், அதனை மறைக்கும் 125, 250 ஹெர்ட்ஸ் பட்டைகளை இரண்டு மூன்று டெசிபல் தாழ்த்திப் பார்க்க. 10 டெசிபல் கூட்டுவதென்பது அப்பட்டையில் பதின்மடங்கு ஆற்றலைக் கேட்பதாகும். எண்முறைப் பதிவில் ஒலிக்கு மேலெல்லை உண்டாதலின், அதனைத் தாண்டினால் முகடு வெட்டுண்டு கரகரப்பே எஞ்சும். மூன்றாவது, 'ராக்', 'பாப்', 'கிளாசிகல்' எனக் கருவியில் வரும் ஆயத்த அமைப்புகளை நம்பற்க. அவற்றுள் கிளாசிகல் என்பது பெரும்பாலும் மேலை நாட்டு வாத்தியக் குழுவை மனத்திற் கொண்டது. நம் கச்சேரிக்கு ஏற்றதென்று கொள்ளுதற்கு இடமில்லை. நான்காவது, ஒரு பாட்டுக்குச் செய்த திருத்தம் அடுத்த பாட்டுக்குப் பொருந்தாது. கேட்டு முடித்ததும் சுழியத்திற்கு மீட்க.

சமனாக்கி தன் முழுப்பயனைத் தருமிடம் பழைய இசைத்தட்டுகளின் பதிவுகளே. தியாகராஜ பாகவதர், கே. பி. சுந்தராம்பாள் போன்றோரின் 78 சுற்றுத் தட்டுகளை இன்று கைப்பேசியிற் கேட்கிறோம். 1930-களின் அத்தட்டுகளில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இசையாக இருப்பது மிகக் குறைவு. அங்கு நாம் கேட்பது பெரும்பாலும் ஊசி உராயும் ஓசையே. உச்சியிலுள்ள பட்டையைத் தாழ்த்தினால் இரைச்சல் அடங்கும். குரலுக்கு ஊறு நேராது. 4,000 பட்டையை மட்டும் தொடாமல் விடுக. அதைக் குறைத்தால் இரைச்சலோடு சொல்லும் போய்விடும்.

இறுதியாகப் பாட்டியாரின் குறை. இதுவே மூன்றனுள் மிகவும் கருதத்தக்கது. முதுமையில் முதலில் தேய்வது உச்சவொலியைக் கேட்கும் திறனே. அதனால், 'சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை' என்று கூறுவர்; வீட்டாரோ கவனக்குறைவு என்று எண்ணிக் கடிந்துகொள்வர். 2,000, 4,000 பட்டைகளைச் சிறிது உயர்த்தினால் அவர்க்குப் பாட்டு ஓரளவு தெளியும். ஆயினும் அது தற்காலிக உதவியே. பேச்சிலும் அதே குறை இருப்பின், செவி மருத்துவரிடம் அழைத்துச் சென்று கேட்புத்திறனை அளக்கச் செய்து, வேண்டுமாயின் செவித்துணைக் கருவி வாங்கித் தருவதே முறை. வேற்றூரில் பேச்சுத்துணை குறைந்த முதியோர்க்குச் செவியும் குறையுமாயின் தனிமை இருமடங்காகும் அன்றோ?

இளைஞர்க்கும் ஓர் எச்சரிக்கை. பெரியவர்க்கு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம், சிறுவர்க்கு 75 டெசிபல் அளவில் அதே நேரம் என உலக நலவாழ்வு நிறுவனம் வரம்பு கூறுகிறது. ஒலி மூன்று டெசிபல் ஏறுந்தோறும் கேட்கத்தகும் நேரம் பாதியாகும். ஹெட்போனில் பட்டைகளையெல்லாம் உயர்த்தி வைப்போர் தம்மையறியாமலே இவ்வரம்பைக் கடக்கின்றனர். செவியின் உள்ளே மடிந்த நுண்மயிர் உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. அவ்விழப்பை ஈடுசெய்யும் சமனாக்கி எங்கும் விற்பனைக்கு இல்லை.

ஆகவே, நம் முடிவு இது: சமனாக்கி வேண்டும், ஆயின் மருந்தளவில் வேண்டும். பாடுவோரின் சொல் தெளிகிறதா, சுருதி நிற்கிறதா என்னும் இரண்டையும் உரைகல்லாகக் கொள்க. அவ்விரண்டும் அமைந்துவிட்டால் மேற்கொண்டு எதையும் திருகவேண்டுவதில்லை. நம் சங்கத்து விழா மேடைகளில் ஒலிபெருக்கி அமைப்போரிடமும் இதையே பணிவுடன் வேண்டுவோமாக.