இருந்தவனும் வந்தவனும்

ஒரு வீட்டிற்குப் புதிய உயிரொன்று வந்து சேரும்போது, வாசலில் நிற்போர் அனைவரும் வந்ததன் முகத்தையே நோக்குவர். முன்னரே அங்கிருந்த உயிரின் முகத்தை நோக்குவார் அரியர். இரண்டாம் பிள்ளையைப் பெற்ற தாய்மார் இவ்வுண்மையை நன்கறிவர். நாயினத்துக்கும் இது பொருந்தும் என்பதை நாம் சென்ற மாசி மாதத்திலேதான் அறிந்துகொண்டோம். அறிந்துகொண்ட விதம் நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும், வாசகர் ஒருவரேனும் அதே பிழையைச் செய்யாதிருக்க உதவுமெனில், அதனை மறைத்து வைப்பதிற் பயனில்லை.

கரவெட்டியில் உள்ள நம் வீட்டுப் படலையைப் பத்து ஆண்டுகளாகக் காத்து வருபவன் வீரன். ஊர்நாய்தான், செம்மண் நிறம், இடக்காதின் நுனி இளமையிலேயே ஏதோவொரு சண்டையிற் போய்விட்டது. முன் விறாந்தையின் கிழக்கு மூலையில் மடித்துப் போட்ட சாக்கு ஒன்று அவனது படுக்கை. விளிம்பு நெளிந்த அலுமினியத் தட்டு ஒன்று அவனது உண்கலம். இவ்விரண்டையும் தவிர அவனுக்கு இவ்வுலகிற் சொத்து வேறில்லை. அண்மைக் காலமாக அவனது பின்னங்கால்கள் தளர்ந்து, படியேறும்போது சற்றே தயங்கலானான். அவனுக்குப் பின் வீட்டுக்கு ஒரு காவல் வேண்டுமே என்று இல்லாள் கவலைப்பட, நெல்லியடியில் நண்பரொருவர் வீட்டிற் பிறந்த குட்டிகளுள் ஒன்றை, எட்டு வாரம் நிரம்பியதும், ஒரு சனிக்கிழமை மாலையிற் கொண்டுவந்தோம்.

அன்று நாம் செய்த பிழைகள் மூன்று. குட்டியைக் கையில் ஏந்தியவாறே விறாந்தையில் ஏறினோம். அது நடுங்குகின்றதே என்று வீரனின் சாக்கிலே படுக்க வைத்தோம். பசிக்குமே என்று வீரனின் தட்டிலே பாலும் சோறும் பிசைந்து வைத்தோம். வீரன் முற்றத்தில் நின்று இவை மூன்றையும் பார்த்தான். பின்னர் மெல்ல ஏறி வந்து, தட்டின் அருகே நின்று, பல் தெரிய உறுமினான். குட்டி வீரிட்டது, பிள்ளைகள் கூச்சலிட்டனர். உடனே நாம் நான்காவது பிழையையும் செய்தோம். மூலையிற் சாத்தியிருந்த தடியை எடுத்து, வீரனின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டோம்.

பத்து ஆண்டுகளில் அவனை நாம் அடித்தது அதுவே முதன்முறை. அவன் திரும்பிக் கடிக்கவில்லை, குரைக்கவுமில்லை. படியிறங்கி, படலையைக் கடந்து, ஒழுங்கையோரத்து வேம்பின் கீழ்ச் சென்று படுத்துக்கொண்டான். அன்றிரவும் மறுநாளும் கொண்டுபோய் வைத்த சோற்றை முகர்ந்தும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவில் மகாபாரதத்தின் ஆதிபருவம் நம் நினைவுக்கு வந்தது. குருக்கேத்திரத்திலே சனமேசயனும் அவன் தம்பியரும் வேள்வி செய்துகொண்டிருந்தபோது, தேவர்களின் நாயாகிய சரமையின் குட்டி அங்கே வந்தது. அது அவிப்பொருளைத் தீண்டவுமில்லை. ஆயினும் தம்பியர் அதனை அடித்துத் துரத்தினர். குட்டி அழுதுகொண்டு தாயிடம் ஓட, சரமை வேள்விச்சாலைக்கே வந்து, குற்றமற்ற பிள்ளையை அடித்தது ஏன் என்று வினவினாள். விடை சொல்வாரில்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று அவள் சபித்துப் போனாள். இவ்வாறு நாய்க்குட்டி ஒன்றின் வழக்கைத் தன் தொடக்கத்திலே வைத்த அந்த இதிகாசம், தன்னோடு வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகேன் என்று தருமபுத்திரர் மறுத்து நின்ற நிகழ்ச்சியைத் தன் முடிவிலே வைத்திருக்கின்றது. இக்கதைகளை வகுப்பறையில் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கின்றோம். நம் விறாந்தையில் அவை நமக்கு உதவவில்லை. அங்கே அடிபட்டது வந்த குட்டியன்று, இருந்த கிழவன். குற்றமின்மை மட்டும் ஒன்றே.

மறுநாட் காலையில் அயல்வீட்டு ஆச்சி படலையடியில் நின்று நடந்ததைக் கேட்டார். ஆச்சி வளர்க்காத நாயில்லை. முழுவதையும் கேட்டபின் அவர் சொன்னது இதுதான்: “வந்ததுக்கு இடம் குடுக்கத்தான் வேணும் தம்பி. அதுக்காக இருந்தவனை எழுப்பலாமே?”

இச்சொல் நமக்குப் பழையதொரு காலத்தை நினைவூட்டிற்று. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவில் வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தபோது, நம் வீட்டுக்கும் அறுவர் கொண்ட குடும்பம் ஒன்று வந்தது. நாம் அப்போது பள்ளி மாணவர். நம் அம்மம்மா அவர்களுக்கு முன்னறையையும் அடுக்களையிற் பாதியையும் ஒழித்துக் கொடுத்தார். ஆனால் நம் படிப்பு மேசை இருந்த மூலையை மட்டும் ஒருவரும் தொடாதபடி பார்த்துக்கொண்டார். அவர்களுக்கு இத்தனை நெருக்கடி இருக்க நமக்கு ஒரு மூலை எதற்கு என்று அன்று எண்ணியதுண்டு. இன்று விளங்குகின்றது. தன் மூலை தனக்கு உண்டு என்ற நிச்சயம் இருந்தமையாலேதான், ஒரு கிழமை கழிவதற்குள் நாமாகவே வந்த வீட்டுப் பையனை அழைத்து அம்மேசையின் மறுபக்கத்தில் இருத்திக்கொண்டோம். பறிக்கப்பட்டிருந்தால் பகிர்ந்திருக்க மாட்டோம்.

ஆச்சியின் வழிப்படி நாம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். முதலாவதாக, சாக்கும் தட்டும் வீரனுக்கே திரும்பின. குட்டிக்கு வேறு சாக்கு, வேறு தட்டு. இடமும் வீட்டின் பின்புறத்திலே. இரண்டுக்கும் இடையிற் கிடுகுத் தட்டி ஒன்று நிறுத்தினோம். மணத்தையும் ஒலியையும் அது மறைக்காது. பல்லை மட்டும் மறைக்கும். நாய்க்கு அறிமுகம் என்பது முதலில் மூக்கினாலேயே நிகழ்வது. ஆதலால் குட்டி படுத்த துணியொன்றை வீரன் செல்லும் வழியிலும், வீரனைத் துடைத்த துணியைக் குட்டியின் அருகிலும் போட்டு வைத்தோம். முதல் நாள் வீரன் அதனை மோந்து விலகினான். மூன்றாம் நாள் அதனைக் கடந்து நடந்தான்.

இரண்டாவதாக, நேர்முகச் சந்திப்பை வீட்டுக்கு வெளியே வைத்தோம். தன் விறாந்தையிலே காவலனாக நிற்கும் நாய், எவருக்கும் உரியதல்லாத வெளியிலே வழிப்போக்கனாகி விடுகின்றது. ஒழுங்கை முடிவிலுள்ள தரிசு நிலத்தில், வீரனை நாம் கயிற்றில் நடத்த, மகள் குட்டியைக் கயிற்றில் நடத்தினாள். முதலிற் பத்துப் பதினைந்து அடி இடைவெளியில் ஒரே திசை நோக்கி நடந்தோம். நாள்தோறும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். கயிறு தளர்ந்தே இருத்தல் வேண்டும். இழுத்துப் பிடித்த கயிறு, இங்கே அஞ்சத்தக்கது ஏதோ உண்டு என்று நாய்க்கு அறிவித்துவிடும்.

மூன்றாவதாக, மூத்தோன் உரிமையைப் பேணினோம். சோறு வைப்பதும் தடவிக் கொடுப்பதும் படலை திறந்து விடுவதும் வீரனுக்கே முதலில். உண்பது எதிரெதிர் மூலைகளில். ஒன்று முடிக்கும்வரை மற்றது நெருங்கலாகாது. குட்டியின் கூரிய பற்களிலிருந்தும் ஓயாத துள்ளலிலிருந்தும் கிழவனுக்கு நாளில் பலமுறை விடுதலையும் அளித்தோம். மூட்டு நோகும் முதிய நாய்க்கு, குட்டியின் விளையாட்டு வேதனையாகவே இருக்கும்.

இம்முறைகளுக்கு ஆராய்ச்சியாளரின் துணையும் உண்டு. வியன்னாவில் நடந்து 2009 இல் வெளியான ஓர் ஆய்விலே, இரு நாய்களை அருகருகே இருத்தி, இரண்டையும் முன்காலை நீட்டச் சொன்னார்கள். ஒன்றுக்கு மட்டும் உணவு கொடுத்தபோது, ஒன்றும் பெறாத நாய் விரைவிலேயே காலை நீட்ட மறுத்துவிட்டது. ஆனால் ஒன்றுக்கு இறைச்சியும் மற்றதற்குப் பாணும் கொடுத்தபோது அவை பேதம் பார்க்கவில்லை. பண்டத்தின் தரத்தை நாய் பொருட்படுத்தவில்லை. தான் முற்றாக விடப்பட்டதையே பொருட்படுத்தியது. அலுமினியத் தட்டின் அருகே வீரன் சொன்னதும் இதுவே அல்லவா?

அவன் அதனைச் சொன்ன முறை உறுமல். உறுமலைக் குற்றமாகக் கொள்வோர் பலர், நாமும் கொண்டோம். உண்மையில், கடிக்க விரும்பாத நாய் முன்கூட்டியே தரும் எச்சரிக்கை அது. அதற்காக அடிவாங்கிய நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக் கற்றுவிடும். ஆதலால் உறுமலைக் கேட்டால் தடியை எடாமல் குட்டியை எடுப்பதே முறை. வாலாட்டம் எல்லாம் நட்பு என்றெண்ணுவதும் தவறு. 2007 இல் இத்தாலிய ஆய்வாளர் சிலர், தன் எசமானைக் காணும் நாயின் வால் வலப்பக்கமாகவும், அறிமுகமற்ற மிடுக்கான நாயைக் காணும்போது இடப்பக்கமாகவும் கூடுதலாக அசைவதைக் கண்டறிந்தனர். நமக்கு அத்தனை நுட்பம் வேண்டியதில்லை. உடல் விறைத்து, வால் உயர்ந்து, பார்வை நிலைகுத்தினால் விலக்குக. முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தினால் அது விளையாட்டுக்கு அழைப்பு, விட்டுவிடுக.

குட்டி தெரிந்தெடுப்போர் வயதையும் கவனித்தல் நன்று. தாயோடும் உடன்பிறப்புகளோடும் எட்டு வாரமேனும் வளர்ந்த குட்டியே பிற நாய்களோடு பழகும் ஒழுங்கைக் கற்றிருக்கும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்கொற், புல்லர் ஆகிய இருவரும் 1965 இல் வெளியிட்ட நூலிலே, பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் அளவும் உள்ள காலமே நாயின் பழக்க வழக்கத்துக்கு அடித்தளம் என்று காட்டினர்.

நட்புக்கு முன்னர் நோய்த் தடுப்பு. புதுக்குட்டி வருமுன் மூத்த நாயின் தடுப்பூசிகள் காலங்கடவாதிருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். குட்டிக்குப் பூச்சி மருந்தும் தடுப்பூசிகளும் கால்நடை வைத்தியர் குறிக்கும் முறைப்படி கொடுத்தல் வேண்டும். 1978 அளவில் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் வயிற்றோட்ட நோயின் கிருமி, மண்ணில் ஓராண்டும் அதற்கு மேலும் உயிர்ப்புடன் கிடக்கவல்லது. முன்னொரு குட்டி அந்நோயால் மாண்ட முற்றமாயின், தடுப்பூசி முற்றுப்பெறாத குட்டியை அங்கே விடலாகாது. விசர்நோய்த் தடுப்பூசியைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. 1885 யூலை 6 ஆம் திகதி பாரிசிலே லூயி பாஸ்ரர் ஒரு சிறுவனுக்கு அவ்வூசியைத் தொடங்கினார். எட்டே ஆண்டுகளில், 1893 இல், இலங்கையிலே விசர்நோய்ச் சட்டம் வந்தது. அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எவரையும் பிழைக்க விடாத நோய் அது. இரு நாய்களை விலக்கும்போது கையிற் பல் பட்டுவிட்டால், சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கால்மணி நேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுக. நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடலாகாது.

வைரவருக்கு வடைமாலை சாத்தி வணங்கும் மக்கள் நாம். ஒழுங்கை முடக்குகளிலே மரத்தடிச் சூலத்தைக் கண்டு செருப்பைக் கழற்றுகின்றோம். அவரது வாகனம் அதே ஒழுங்கையில் எதிர்ப்பட்டாற் கல்லைத் தேடுகின்றோம். தடியெடுத்த நாம் இதனைப் பிறருக்கு உபதேசிக்கும் தகுதியுடையோமல்லோம், நமக்கே சொல்லிக்கொள்கின்றோம்.

குட்டிக்கு மணி என்று பெயர். கிடுகுத் தட்டியை அகற்ற ஏறக்குறைய ஒரு மாதம் சென்றது. இன்று மதியம் விறாந்தையிலே வீரன் தன் சாக்கிற் கிடக்கின்றான். மணி சாக்கின் விளிம்புவரை வந்து, முன்னங்கால்கள் இரண்டையும் விளிம்பிலே படும்படி நீட்டி, அதற்கு மேல் ஓர் அங்குலமும் ஏறாமற் படுத்திருக்கின்றது. வீரன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவர்களுக்குள் வழக்குத் தீர்ந்துவிட்டது.

நமக்கும் வீரனுக்கும் இடையிலுள்ள வழக்கு அவ்வளவு எளிதிற் தீரவில்லை. சோறு வைத்தால் உண்கின்றான், அழைத்தால் வருகின்றான், மாலையில் நாம் கல்லூரியிலிருந்து திரும்பும்போது படலைவரை வந்து வாலாட்டுகின்றான். ஆயினும் நேற்று, பயிற்றங்கொடிக்கு ஊன்றுவதற்காக ஒரு தடியை நாம் கையில் எடுத்தோம். அவன் ஒன்றும் செய்யவில்லை. எழுந்து, தளர்ந்த கால்களோடு படியிறங்கி, முற்றத்துக்குப் போய் நின்றான்.