சி.ஆர்.பி. நோர்மல் என்றால் பிள்ளைக்கு ஒன்றுமில்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பாடசாலை போகும் பிள்ளை இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணையில் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. உம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் லேப் ரிப்போர்ட். "டீச்சர், சி.ஆர்.பி. நாலு தான். நோர்மல் எண்டு சென்னாங்க. ஸ்கொலர்ஷிப் கிளாஸ் மிஸ் ஆகப் போடாதே எண்டு கூட்டி வந்த" என்றார். நாங்களும் பார்த்துத் தலையாட்டி உள்ளே எடுத்தோம். இடைவேளைக்கு முன்னரே வயிற்றுவலி, வாந்தி, கை கால் சில்லிட்டுவிட்டது. டெங்கு. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இன்று சுகமாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு இலக்கத்தை நம்பித் தலையாட்டியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் எழுதுகிறோம்.

சி.ஆர்.பி. என்பது எமது ஈரல் உருவாக்கும் ஒரு புரதம். 1930இல் நியூயோர்க்கின் ரொக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நியூமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். நியூமோனியாக் கிருமியின் 'சி' என்ற பொருளோடு சேர்ந்து வினை புரிந்ததால் அந்தப் பெயர். உடம்பில் எங்காவது அழற்சி தொடங்கினால் ஆறு மணித்தியாலம் அளவில் இது ஏறத் தொடங்கும். இரண்டு நாள் அளவில் உச்சத்துக்குப் போகும். காரணம் நீங்கினால் சுமார் 19 மணித்தியாலத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்தியருக்கு இது நல்ல துணை.

ஆனால் நெருப்பில்லாமல் புகையாது என்போமே, சி.ஆர்.பி. அந்தப் புகை மாத்திரம்தான். எரிவது எது, எங்கே என்று அது சொல்லாது. இன்னொன்று, சில நெருப்பு அதிகம் புகைவதுமில்லை.

எமது மாத்தளைக்கு இது மிக முக்கியம். இங்கே இரண்டு காய்ச்சல்கள் உண்டு. ஒன்று டெங்கு. 2017இல் மட்டும் நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். மற்றது வயலிலும் சேற்றிலும் வரும் எலிக்காய்ச்சல். 2008இல் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டு, சுமார் 200 பேர் இறந்தபோது, மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் எமதும் ஒன்று. முதல் இரண்டு மூன்று நாளில் இரண்டும் ஒரே மாதிரித்தான்: காய்ச்சல், தலைவலி, உடம்பு உளைச்சல்.

எலிக்காய்ச்சல் பக்டீரியாவால் வருவது. சி.ஆர்.பி. பெரும்பாலும் நன்றாக ஏறும். டெங்கு வைரசால் வருவது. பலருக்கு சி.ஆர்.பி. பெரிதாக ஏறாது. ஆனால் இரண்டுமே உயிரை எடுக்கக்கூடியவை. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். எங்கள் பிள்ளை பாடசாலைக்கு வந்தது சரியாக அந்த நேரத்தில்.

இலக்கம் குறைந்தால் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். இலக்கம் கூடினால் ரிப்போர்ட்டைப் பாமசிக்குக் கொண்டுபோய் அன்டிபயோடிக் கேட்கிறோம். இரண்டும் பிழை.

அப்படியென்றால் இந்தப் பரிசோதனை வீணா? இல்லை. வியட்நாமில் ஹனோய் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சளி, இருமலோடு வந்த சுமார் 2,000 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2016இல் வெளியிட்டார்கள். சி.ஆர்.பி. பார்த்து சிகிச்சை பெற்றவர்களில் அன்டிபயோடிக் எடுத்தவர்கள் 64 வீதம். பார்க்காதவர்களில் 78 வீதம். தேவையற்ற மருந்து குறைந்தது. ஆனால் அங்கே நோயாளியைப் பரிசோதித்தவரே இலக்கத்தையும் வாசித்தார். கவுண்டரில் யாரும் வாசிக்கவில்லை. வித்தியாசம் அதுதான்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாரடைப்பு அபாயம் பார்க்க 'ஹைசென்சிடிவ்' சி.ஆர்.பி. என்று ஒன்று உண்டு. லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் அபாயம் குறைவு, 3க்கு மேலே என்றால் கூடுதல் என்று கணிப்பார்கள். தடிமன், பல்வலி இருக்கும்போது அதைச் செய்தால் இலக்கம் வீணே ஏறும். பிரஷர், கொலஸ்ட்ரோல், சீனி, சிகரெட் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் வைத்தியர் அதைப் பார்ப்பார். ரிப்போர்ட்டில் அலகையும் கவனியுங்கள். டெசிலீற்றருக்கு 1 என்றால் லீற்றருக்கு 10.

எங்கள் வேண்டுகோள் இதுதான்.

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் போங்கள். எப்.பி.சி. ஒரு தடவை சரி என்றாலும், திரும்ப எடுக்கச் சொன்னால் எடுங்கள். பரசிற்றமோல் தவிர்ந்த வலிக் குளிசை எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வயலில் இறங்கினீர்களா, ஓடையில் குளித்தீர்களா என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எந்த ரிப்போர்ட்டிலும் அது இருக்காது. வயல் வேலை செய்பவர்கள் முற்கூட்டியே பி.எச்.ஐ.யைச் சந்தித்து எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, சிறுநீர் குறைதல், கை கால் சில்லிடுதல் என்றால் லேப்புக்கு அல்ல, நேராக ஆஸ்பத்திரிக்கு.

கடைசியாக எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு. வரவு, பரீட்சை என்று நாங்கள் கொடுக்கும் நெருக்கடியால்தான் பெற்றோர் 'நோர்மல்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை அனுப்புகிறார்கள். காய்ச்சல் விட்ட பிள்ளையை இன்னும் இரண்டு நாள் வீட்டில் வையுங்கள் என்று நாங்களே சொல்வோம். தவறிய பாடத்தை நாங்கள் திரும்பப் படிப்பித்துக் கொடுக்கலாம்.